நேப்பியர் துரை போன வழியில் அம்மாவோடு

கோடை பிறந்தால் போதும், அபர்தீனில் நம்மாட்கள் வீட்டு விருந்துகளில் ஒரே கேள்விதான் சுற்றும். "ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி, ஒரு விஸ்கி ஆலை என்று வழக்கமான பட்டியல் வரும். பர்ஸ் கனமாக இருப்பவர்கள் பெரிய குரூஸ் கப்பல் என்பார்கள். மூவாயிரம் பேர், நீச்சல் குளம், ராத்திரி டான்ஸ், பஃபேயில் ஒரு மூலையில் பாஸ்மதி சோறு.

என் கட்சி வேறு. சின்னக் கப்பலில் போங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் போகிற கப்பல், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் துறைமுகம் துறைமுகமாக நின்று நின்று போகிற கப்பல். காசு அதிகம்தான், ஒளிக்கவில்லை. ஏன் என்று சொல்ல என் அம்மாவின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வித்துரா. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிற பஸ் ஏறினால், மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற கடைத்தெரு ஊர். இப்போது ஐசர் கல்லூரி வந்தபிறகு ஊர் பெயர் வெளியே தெரிகிறது. நாங்கள் மலையாளம் பேசும் ஊரில் தமிழ் பேசும் வீடு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி கூட்டிவந்த கூட்டம். அம்மா பிறந்ததும், 31 வருஷம் கொழுந்து கிள்ளியதும் வித்துராவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில். எந்த எஸ்டேட் என்று பெயர் வேண்டாம், விஷயம் இன்னும் முடியவில்லை.

அம்மா 2014ல் ஓய்வு பெற்றாள். கிராஜுவிட்டி வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி. அன்றைய கூலியைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய். அது இன்றுவரை வரவில்லை. நான் வித்துராவில் வீடு கட்டிவிட்டேன், அம்மா அங்கேதான் இருக்கிறாள். ஆனால் மலைமேல் லயத்தில் இருக்கும் அந்த ஒற்றை அறையை அவள் இன்னும் விடவில்லை. மாதம் ஒருமுறை ஜீப் பிடித்துப் போய், பூட்டைத் திறந்து, பெருக்கி, ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வருவாள். சாவியைக் கொடுத்துவிட்டால் பணமும் போச்சு என்று லயத்தில் எல்லாருக்கும் ஒரு கணக்கு. கேரளத் தோட்டங்களில் இப்படிச் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிகள் எத்தனையோ பேர்.

அதனால் அம்மாவை ஆறு மாத விசாவில் இங்கே வரவழைப்பதே பெரிய பாடாக இருந்தது. "நான் இல்லாத நேரம் பூட்ட ஒடச்சுட்டான்னா?" கடைசியில் பக்கத்து அறைக்காரியிடம் ஒரு சாவி கொடுத்து, இன்னொரு சாவியை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். மெட்டல் டிடெக்டர் கத்திய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

2023 ஜூனில் ஒரு சின்னக் கப்பலில் மூன்று படுக்கை காலியாகக் கிடந்தது. கடைசி நேரத் தள்ளுபடி போகவும் ஆளுக்கு 2,800 பவுண்டு, ஏழு ராத்திரி. வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. நான், பதினாலு வயது மகள், அம்மா. ஒரு படுக்கையின் விலை அம்மாவின் கிராஜுவிட்டியைப் போல மூன்று மடங்கு. இந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு "ஆபீஸ்ல குடுத்தது" என்று புளுகினேன்.

சரி, கப்பலுக்கு வருவோம். ஓபன் துறைமுகத்தில் ஏறினோம். பிரிட்டனில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் அது சட்டப்படி 'பயணிகள் கப்பல்' ஆகி விதிகள் மாறிவிடும். அதனால் இந்தச் சின்னக் கப்பல்கள் பலவற்றிலும் பன்னிரண்டுதான் கணக்கு. பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றிக் கட்டியவைகூட உண்டு. இதிலேயே ராஜ வைத்தியம் வேண்டுமென்றால் ஹெப்ரிடியன் பிரின்சஸ் இருக்கிறது. எங்கள் அபர்தீனில் 1964ல் கார் ஏற்றும் படகாகக் கட்டி, பிறகு ஐம்பது பேருக்கான சொகுசுக் கப்பலாக மாற்றியது. எலிசபெத் ராணியே 2006ல் வாடகைக்கு எடுத்துப் போனார். நம் பட்ஜெட் அது இல்லை.

எங்கள் கப்பலில் கேப்டன், எஞ்சினியர், சமையல்காரர், ஒரு பையன், அவ்வளவுதான் சிப்பந்திகள். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசையில். அம்மா சைவம் என்று முன்பே எழுதியிருந்ததால் சமையல்காரர் மூன்று நாள் பருப்பு சூப் வைத்தார். நாலாம் நாள் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள், அப்புறம் கப்பலே ரசம் குடித்தது. பெரிய கப்பலில் இதெல்லாம் நடக்காது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் ஜெட்டி கிடையாது. நங்கூரம் போட்டுவிட்டு ரப்பர் படகில் இறக்குவார்கள், ஏணி செங்குத்தாக இருக்கும். புக் பண்ணும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை, காதை மூடும் குல்லாய், பொடிக்கொசுவுக்கு வலைத்துணி, இவை மூன்றும் கட்டாயம். சிறு பிள்ளைகளைப் பல கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். ஜூனில் ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். "இதென்ன ஊரு, பொழுதே சாய மாட்டேங்கு" என்று அம்மா ஜன்னலில் சேலையைக் கட்டித் தூங்கினாள்.

முதல் இரண்டு நாளை வேகமாக ஓட்டிவிடுகிறேன். டோபர்மோரியில் வண்ண வண்ண வீடுகள், ஐயோனாவில் கி.பி. 563ல் கொலம்பா வந்து இறங்கிய இடம், ஸ்டாஃபாவில் கல்தூண் குகை. படங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும். டோபர்மோரி இருக்கும் மல் தீவில் லாக்லன் மெக்வாரியின் கல்லறை மாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கவர்னராக இருந்து, சிட்னியில் பாதித் தெருக்களில் பெயர் கிடக்கிறதே, அவரேதான். அதற்கு முன்னால் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவோடு சண்டை போட்டவர், 1795ல் கொச்சியையும் 1796ல் கொழும்பையும் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த படையில் இருந்தவர். இந்தச் சின்னத் தீவுகளிலிருந்து கிளம்பிய ஆட்கள் போகாத ஊர் இல்லை.

நாலாம் நாள்தான் முக்கியம். ஸ்கை தீவுக்கும் ராசே தீவுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நீரிணையில் வடக்கே போர்ட்ரீயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இடதுபக்கம் பச்சைச் சரிவு, அங்கங்கே வெள்ளை வீடுகள். எங்களோடு வந்த எடின்பரோ பாட்டி ஒருவர், ரிட்டயர்டு சரித்திர டீச்சர், "அதுதான் பிரேய்ஸ், நேப்பியர் கமிஷன் முதலில் உட்கார்ந்த இடம்" என்று காட்டினார்.

நேப்பியரா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் வருஷத்துக்கு ஒருமுறை அப்பா எங்களை வித்துராவிலிருந்து பஸ் ஏற்றித் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போவார். அதன் பக்கத்தில் வரி வரியாகச் சிவப்பும் மஞ்சளுமாக நிற்குமே ஒரு கட்டிடம், நேப்பியர் மியூசியம், 1880ல் சிஷோம் கட்டியது. சென்னைக்காரர்களுக்கு மெரினா முனையில் இருக்கும் நேப்பியர் பாலம். மதுரைக்காரர்களுக்கு, இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்க வைத்த மெட்ராஸ் கவர்னர். 1866 முதல் 1872 வரை கவர்னர். அவரா இவர் என்று கேட்டேன். அவரேதான்.

அது மட்டுமில்லை, அவர் குடும்பத்துப் பட்டமே மெர்ச்சிஸ்டன் நேப்பியர் பிரபு. எடின்பரோவில் மெர்ச்சிஸ்டன் கோபுரம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய லாகரிதம் டேபிளின் மூலவர் ஜான் நேப்பியர் பிறந்த இடம். எங்கள் வித்துராவுக்கு மேலே, பொன்முடி போகும் வழியில் இருக்கும் தேயிலை எஸ்டேட்டின் பெயரும் மெர்ச்சிஸ்டன். இதையும் அதையும் முடிச்சுப் போட நான் வரவில்லை, பெயர் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அம்மாவிடம் சொன்னதும் எழுந்து மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "மெர்ச்சிஸ்டன் தொரையா? இங்க என்ன செய்யவந்தாரு?"

பாட்டி இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களிலும் தீவுகளிலும் குரோஃப்டர் என்று சிறு குத்தகைக்காரர்கள். நிலம் ஜமீன்தாருடையது, குடிசை இவர்கள் கட்டியது. ஆடு வளர்த்தால் லாபம் என்று ஆனதும் ஊர் ஊராகக் காலி பண்ணச் சொன்னார்கள். எதிர்க்கரையில் ராசே தீவு தெரிந்தது. அதை 1840களில் வாங்கிய ஜார்ஜ் ரெய்னி, கயானாவில் சர்க்கரைத் தோட்டத்துப் பணம் பார்த்தவர். அங்கே ஹாலெய்க் போன்ற ஊர்களை அப்படியே துடைத்துவிட்டார். குடியானவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூட அவர் தடை போட்டார் என்று பிற்பாடு சாட்சி சொன்னார்கள். கப்பல் ராசே ஓரமாகப் போகும்போது பைனாகுலரில் கூரையில்லாத கல்சுவர்கள் வரிசையாகத் தெரிந்தன. அம்மா பைனாகுலரைக் கீழே வைக்கவே இல்லை. "லயம்லா இது" என்றாள்.

பிரேய்ஸ் மக்கள் மேய்ச்சல் நிலம் கேட்டு வாடகையை நிறுத்தினார்கள். 1882 ஏப்ரலில் கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ் வந்தது. கல்லெடுத்து எறிந்ததில் பெண்கள்தான் முன்னால். (2015ல் மூணாறில் பெம்பிளை ஒற்றுமை என்று நம் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, 232 ரூபாய்க் கூலி 301 ஆனதே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.) லண்டன் அரசாங்கம் பயந்துபோய் ஒரு கமிஷன் போட்டது. தலைவர் நேப்பியர். மொத்தம் ஆறு பேர், பெரும்பாலும் நிலக்காரர்கள். இவர்களா நியாயம் சொல்வார்கள் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை.

ஆனால் அந்தக் கமிஷன் எடின்பரோவில் ஆபீஸ் போட்டு மனு வாங்கிக்கொண்டிருக்கவில்லை. கப்பல் ஏறித் துறைமுகம் துறைமுகமாகப் போய், தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்து கேட்டது. 1883 மே 8ஆம் தேதி பிரேய்ஸில் தொடங்கி 61 இடங்களில் 775 பேர். பேசியவர்களில் நிறையப் பேருக்கு இங்கிலீஷ் வராது. அவர்கள் பாஷையான கேலிக்கில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வைத்து எழுதிக்கொண்டார்கள். ஸ்டோர்னோவே அருகே பாறையில் மோதி அந்தக் கப்பலே உடைந்துபோனது. எச்.எம்.எஸ். லைவ்லி என்று பெயர். எல்லாரும் பிழைத்தார்கள், விசாரணையும் தொடர்ந்தது.

முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற பிரேய்ஸ்காரர். வாய் திறப்பதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னால் என்னை வீட்டைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்று உறுதி கொடுக்க முடியுமா? கமிஷனால் அப்படி உறுதி தர முடியாத நிலை. கடைசியில் அங்கேயே உட்கார்ந்திருந்த ஜமீன் மேனேஜர் வாய்வார்த்தையாக உறுதி சொன்ன பிறகுதான் அந்த மனிதர் பேசினார்.

இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மாவின் கை தானாக இடுப்பு முடிச்சுக்குப் போனது. "நல்லா கேட்டாம்லா" என்று மட்டும் சொன்னாள்.

1886ல் சட்டம் வந்தது. வாடகை கட்டும் வரை குரோஃப்டரை வெளியேற்ற முடியாது, வாடகையை ஒரு தனி ஆணையம் நிர்ணயிக்கும், பிள்ளைக்கு உரிமை போகும், அவன் போட்ட வேலிக்கும் வீட்டுக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏற்கெனவே துடைத்த ஊர்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஹாலெய்க் இன்றும் வெறும் கல்தான். ஆனாலும் பிரேய்ஸ் சரிவில் நான் பார்த்த அந்த வெள்ளை வீடுகள் இன்னும் அங்கே நிற்பதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது என் கருத்து. கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் வந்தது என்று நாம் எல்லாரும் பெருமையாகப் பேசுவோம், பேச வேண்டியதும்தான். 1970 ஜனவரி முதல் குத்தகைதாரனுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு. அதனால் மூன்று தலைமுறை ஒரே மலையில் உழைத்தவனுக்கு அங்கே ஒரு சென்ட் கிடையாது. ஓய்வு பெற்றால் அறையைக் காலி பண்ண வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்தோடு 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். பொதிகை மலையின் அந்தப் பக்கம், நம் மாஞ்சோலையில், 1929ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் எடுத்த 99 வருஷக் குத்தகை முடியப் போகிறது என்று 2024ல் தோட்டத்தை மூடினார்கள். அங்கும் அதே கேள்வி: நாங்கள் எங்கே போவது? வித்துராவிலிருந்து பஸ் போகும் போணக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை ஓட்டம் நின்று பல வருஷம். இப்போது திருவனந்தபுரத்துப் பையன்கள் பைக் எடுத்துக்கொண்டு அங்கே பேய் பங்களா பார்க்கப் போகிறார்கள். பக்கத்து லயத்தில் ஆள் இருப்பது அவர்கள் வீடியோவில் வருவதில்லை.

நம் பக்கம் கமிஷனே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கமிஷன், கமிட்டி எல்லாம் வந்திருக்கின்றன. ஆனால் லயத்து வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து, கொழுந்து கிள்ளியவளின் பெயர், வயது, எத்தனை வருஷம், யார் என்ன சொன்னார்கள் என்று அவள் பாஷையிலேயே கேட்டு, ஒரு வரி விடாமல் அச்சடித்து வைத்தார்களா? எங்கள் எஸ்டேட்டில் இல்லை. நேப்பியர் கமிஷனின் சாட்சியம் முழுக்கப் புத்தகமாக இருக்கிறது. ஆங்கஸ் ஸ்டூவர்ட் பயந்ததுகூட அதில் இருக்கிறது. என் அம்மாவின் 31 வருஷத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் ஒரு சாவியும்தான்.

நாம் என்ன செய்கிறோம்? வெளிநாட்டில் இருக்கும் எஸ்டேட் பிள்ளைகள் நிறையப் பேர். ஊர்க் கோயில் கொடைக்கு ஐம்பதாயிரம் அனுப்புகிறோம், பெயர் கல்வெட்டில் வருகிறது. நானும் அனுப்பியவன்தான். அம்மாவிடம் உட்கார்ந்து அவள் வேலைக் கணக்கை ஒருநாளும் எழுதி வாங்கியதில்லை. வெட்கமாக இருந்தது.

ஸ்டோர்னோவேயில் ஒருநாள் நின்றோம். தமிழ் படித்தவர்கள் கட்டாயம் நிற்க வேண்டிய துறைமுகம். ஓலைச்சுவடியும் கைபீதும் லட்சக்கணக்கில் பக்கம் பக்கமாகச் சேர்த்தாரே காலின் மெக்கன்சி, இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல், அவர் பிறந்த ஊர் இது. அவர் சேர்த்ததில் பெரும்பங்கு இன்றும் சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்கு எதிரே லூஸ் கோட்டை. கட்டியவர் ஜேம்ஸ் மேத்திசன், தீவையே 1844ல் விலைக்கு வாங்கியவர். கப்பல் பையன் "கிழக்கத்திய வியாபாரத்தில் சம்பாதித்தவர்" என்றான். இந்தியாவில் விளைந்த அபினை சீனாவில் விற்ற வியாபாரம் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். பையன் கோபப்படவில்லை, அடுத்த பயணத்தில் சொல்கிறேன் என்றான். இதுவும் சின்னக் கப்பலில்தான் நடக்கும். அதே மேத்திசன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுக்காரர்களை கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். விரட்டப்பட்டவர்களும் நமக்குத் துரையாக வந்தவர்களும் இந்த ஊர்களிலிருந்தே கிளம்பியிருக்கிறார்கள். டீச்சர் பாட்டிக்கு இரண்டாவது பாதி அவ்வளவாகத் தெரியவில்லை, எங்களுக்கு முதல் பாதி தெரியவில்லை.

துறைமுக வாயிலைத் தாண்டும்போது இன்னொரு கதை. முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய தீவுக்காரர்களை ஏற்றிவந்த அயோலேர் கப்பல், 1919 புத்தாண்டு அதிகாலையில் இங்கே பாறையில் மோதியது. 201 பேர் செத்தார்கள். கரை தெரிகிற தூரம். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைசித் துறைமுகம் உல்லாபூல். 1773ல் ஹெக்டர் என்ற ஓட்டைக் கப்பல் இங்கிருந்துதான் கிட்டத்தட்ட 190 பேரை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் போனது. வழியில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். நாங்கள் அங்கே இறங்கி இன்வர்னெஸ்ஸுக்கு பஸ் பிடித்தோம். அரைமணி நேரத்துக்குள் ரோட்டோரம் ஒரு பலகை: பிரேமோர். எங்கள் ஊர்ப் பக்கம் பாலோடு தாண்டி ஒரு எஸ்டேட் உண்டு, பிரைமூர் என்போம், எழுதும்போது பிரேமோர் என்றும் எழுதுவார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். வாசித்துவிட்டு, "நம்ம பெரியத்தை வாக்கப்பட்ட தோட்டம்லா" என்றாள், ஏதோ அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அத்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுபோல.

பெரிய கப்பல்காரர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது என்று அடித்துச் சொல்வேன். வேலை விஷயமாக நான் அடிக்கடி இன்வர்கார்டன் போகிறேன், ரிக்குகளை நிறுத்தி வைக்கும் துறைமுகம். ராட்சசக் கப்பல்கள் அங்கே வந்து நிற்கும். இறங்கியவர்கள் பஸ் ஏறி நெஸ் ஏரிக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்புவார்கள். பக்கத்து ஊர் ஆல்னெஸ்ஸில் டீனினிக் என்று ஒரு எஸ்டேட். திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் குடும்பத்து இடம் அது. கொல்லத்துப் பக்கம் மன்றோ துருத்து இருக்கிறதே, அந்தப் பெயர்தான். நானே பத்து வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறேன், தெரியாமல்.

காசில்லை என்றால் குரூஸே வேண்டாம். ஓபனிலிருந்து மல் தீவுக்கும் உல்லாபூலிலிருந்து ஸ்டோர்னோவேக்கும் சாதாரணப் பயணிகள் படகு ஓடுகிறது, செலவு அதில் ஒரு துளிதான். போர்ட்ரீயில் இறங்கி பிரேய்ஸுக்கு டாக்சி பிடிக்கலாம். பெரியவர்கள் கூட வர வேண்டும், அதுதான் என் ஒரே நிபந்தனை.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் அந்தச் சாட்சியப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். ஒவ்வொரு சாட்சிக்கும் பெயர், வயது, தொழில், ஊர், பிறகு கேள்வி நம்பர் போட்டு வரிசையாக. அதே மாதிரி ஆச்சியிடம் கேட்கப் போகிறேன் என்று உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதக் கொஞ்சம் தடுமாறுவாள், அதனால் நான் எழுதினேன். மூன்று வார சனி ஞாயிறு ஓடியது. எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தாள், அப்போது என்ன கூலி, எந்தக் கங்காணி, பிரசவத்துக்கு எத்தனை நாள் லீவு, எந்த வருஷம் பிஎஃப் பிடித்தார்கள், ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் யார் என்ன சொன்னார்கள், கூட வேலை பார்த்தவர்களில் யாருக்குப் பணம் வந்தது, யார் செத்துப்போனார்கள். 212 கேள்வி. அறையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அம்மா பேனாவைப் பார்த்துவிட்டு, "இத யாருகிட்ட காட்டுவ?" என்று கேட்டாள். லேபர் ஆபீசில் கொடுப்பேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

அதை அப்படியே லேபர் ஆபீசில் கொடுக்க மலையாளத்தில் வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும், ஆபீஸ் மலையாளம் எழுத வராது. நெடுமங்காடு, வித்துரா பக்கத்துக்காரர்கள் யாராவது உதவ முடிந்தால் ஒரு வரி போடுங்கள். உங்கள் அம்மாவோ அப்பாவோ தோட்டத்தில் இருந்தவர்கள் என்றால் மகள் தயாரித்த கேள்விப் பட்டியலை அனுப்பி வைக்கிறேன். அம்மா அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறாள், இறங்கிய மறுநாளே மேலே போய்ப் பூட்டைப் பார்க்க வேண்டுமாம்.